முதல் ஆட்டோகுரோஸுக்குப் புதிய டயர் தேவையா?

கல்லடிச் சகோதரருக்கு வணக்கம். காருடன் வந்த சாதாரண டயர்களோடு முதல் ஆட்டோகுரோஸில், அதாவது கூம்புகள் வைத்துக் குறித்த பாதையில் ஒவ்வொரு காராக நேரம் கணித்து ஓடும் போட்டியில், ஓடலாமா, அல்லது கடன்பட்டாவது பந்தய டயர் வாங்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். சாதாரண டயர் பிடிப்பை இழப்பதற்கு முன்பே கிறீச்சிட்டு எச்சரிப்பதால், உங்கள் கை எங்கே அவசரப்படுகிறது என்பதை அதுவே கற்றுத்தரும்.

கவனம் முழுவதையும் காற்றழுத்தத்தில் வையுங்கள். சாரதிக் கதவின் ஓரத்தில் 32 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) என்று இருந்தால் முன் டயர்களை 36 அளவில் தொடங்குங்கள். ஆனால் டயரின் பக்கச்சுவரில் பொறித்துள்ள உச்ச அளவைத் தாண்ட வேண்டாம். டயரின் தரைமுகமும் பக்கச்சுவரும் சேரும் விளிம்பில் வெண்கட்டியால் குறுக்கே கோடிட்டு ஒரு சுற்று ஓடிய பின் பாருங்கள். கோடு பக்கச்சுவர் வரை அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது, காற்றைக் கூட்டுங்கள். தரைமுகத்திலேயே அழியாமல் இருந்தால் சிறிது குறையுங்கள். சூடான கச்சான் காற்று வீசும் நாளில் தார் கொதிக்கும், ஓட ஓட அழுத்தமும் ஏறும் என்பதால் ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் அளப்பது அவசியம்.

சக்கர நட்டுகளையும் பிரேக் எண்ணெயையும் முதல் நாளே பார்த்துவிடுங்கள், காருக்குள் உருளக்கூடிய எதையும் விடாதீர்கள். ஓடுபாதையை இரண்டு முறையாவது நடந்து பாருங்கள். வளைவில் கார் நேராக வழுக்கினால் ஸ்டியரிங்கை மேலும் திருப்பாமல், வேகத்தைக் குறைத்துச் சற்றுத் தளர்த்துங்கள். கடற்கரை வீதியில் பயிற்சி எடுக்கவே வேண்டாம். அங்கே பிள்ளைகள் சைக்கிளில் வருவார்கள்.