யாருடைய இரத்தம் 'நார்மல்'?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். என் மகன் பிறந்து 25 நாள் ஆகிறது. ஏழாம் நாள் மஞ்சள் காமாலை முற்றியதால் மருத்துவமனையில் இரத்தத்தை மாற்றி ஏற்றினார்கள். கேலக்டோசீமியாவாக இருக்கலாம் என்று தாய்ப்பாலை நிறுத்திச் சோயா பால்மாவு கொடுக்கச் சொன்னார்கள். பிறகு எடுத்த இரத்தப் பரிசோதனை 'நார்மல்' என்கிறது. "அப்புறமென்ன, பால் கொடு" என்கிறார் மாமியார். கொடுக்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். அந்த 'நார்மல்' உங்கள் மகனுடையதா, இரத்தம் கொடுத்தவருடையதா என்பதே இன்னும் தெரியவில்லை.

பாலிலுள்ள லாக்டோஸ் குடலில் குளுக்கோஸாகவும் கேலக்டோஸாகவும் பிரிகிறது. கேலக்டோஸை உடல் பயன்படுத்த 'கால்ட்' என்ற நொதி வேண்டும். பிறவியிலேயே அது இல்லாத குறைதான் கேலக்டோசீமியா. அந்தக் குழந்தைக்குத் தாய்ப்பாலே ஈரலைக் கெடுக்கும். கண்ணில் புரை விழும். இந்த நொதியைச் சிவப்பணுக்களில்தான் அளக்கிறார்கள். ஏற்றிய இரத்தத்தின் சிவப்பணுக்களில் அது தாராளமாக இருக்கும். அவற்றின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். ஆகவே மூன்று நான்கு மாதம் கழித்துத்தான் அந்தப் பரிசோதனையை நம்பலாம்.

அதுவரை கைகட்டி உட்கார வேண்டியதில்லை. இரத்தம் ஏற்றுமுன் எடுத்த மாதிரி ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் அதுதான் பொக்கிஷம். இல்லாவிட்டால் உங்கள் இருவர் இரத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். குறையுள்ள மரபணுவைச் சுமக்கும் பெற்றோருக்கு நொதி பாதியளவே இருக்கும், உடம்புக்கு ஒன்றும் செய்யாது. குழந்தைக்கு மரபணுச் சோதனையும் உண்டு. இந்தச் சோதனைகள் எதற்கும் குழந்தையைப் பட்டினி போட வேண்டாம். சிறுநீரில் சீனி பார்க்கும் சாதாரணப் பட்டை குளுக்கோஸை மட்டுமே காட்டும். அதில் ஒன்றுமில்லை என்பதை வைத்து நிம்மதியடையாதீர்கள்.

நம் நாட்டில் தொப்புள்கொடி இரத்தத்தில் பார்க்கும் ஜி6பிடி (சிவப்பணுக்களிலுள்ள இன்னொரு நொதி) முடிவையும் கையோடு கொண்டுபோங்கள். அது குறைவது வேறு குறை. ஆனால் கால்ட் நொதியைப் பார்க்கும் ஒருவகைப் புள்ளிச் சோதனை, ஜி6பிடி குறைந்த குழந்தைக்குக் கேலக்டோசீமியா இருப்பதாகப் பொய்யாகக் காட்டிவிடும்.

மாமியாரின் ஆதங்கம் புரிகிறது. பாலைத் தவறாமல் பிழிந்தெடுத்து வாருங்கள், சுரப்பு வற்றாது. நோய் இல்லை என்று மருத்துவர் சொன்ன அன்றே கொடுக்கலாம். கடையில் சோயா மாவு தீர்ந்துவிட்டதென்று 'லாக்டோஸ் இல்லாதது' என்று எழுதிய பசும்பால் டின்னை மட்டும் வாங்கிவிடாதீர்கள். லாக்டோஸை உடைத்துச் செய்த பாலில் கேலக்டோஸ் அப்படியே இருக்கும்.