அறிவியல் புனைகதையை ஆராயப் போகிறேன் என்கிறாள் மகள்: ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள அம்மா,

ப்ளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கிய பெண், இன்ஜினியரிங் வேண்டாம், பி.ஏ. ஆங்கிலம் சேர்கிறேன், பிறகு அறிவியல் புனைகதைகளையும் படங்களையும் ஆராயப் போகிறேன் என்கிறாள். "ரோபோ படம் பார்ப்பதற்கு ஒரு படிப்பா? அதற்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்?" என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். சனிக்கிழமை அவளோடு ஒன்றரை மணி நேரம் பேசினேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சம்பளக் கணக்குக்கு அப்புறம் வருகிறேன்.

கையில் ஒரு நோட்டு கொண்டுவந்திருந்தாள். 1927இல் ஜெர்மனியில் ஃப்ரிட்ஸ் லாங் எடுத்த 'மெட்ரோபோலிஸ்' என்ற ஊமைப்படத்தைப் பற்றி அதில் ஆறு பக்கம். படத்தின் தொடக்கத்தில் ஷிப்ட் மாறும் காட்சி வருகிறது. வேலைக்குள் போகிறவர்கள் ஒரு பக்கம், முடித்துவிட்டு வெளியே வருகிறவர்கள் ஒரு பக்கம். எல்லோருக்கும் ஒரே கறுப்பு உடை, குனிந்த தலை. வெளியே வருகிறவர்களின் நடை பாதி வேகத்தில்தான் இருக்கிறது. அங்கே இரண்டு கடிகாரங்கள் உண்டு: ஒன்று 24 மணி நேரத்துக்கு, மற்றது 10 மணி நேரத்துக்கு. அந்த 10 மணிக் கடிகாரத்தைப் பற்றி உங்கள் மகள் எழுதியிருப்பது இது: அதில் காலையும் கிடையாது, ராத்திரியும் கிடையாது, ஷிப்ட் மட்டும்தான் இருக்கிறது. அதற்குக் கீழே, அப்பா மில்லுக்கு நைட் ஷிப்ட் போகிற வாரங்களில் உங்கள் வீட்டில் சமையல், தூக்கம், டிவி சத்தம் எல்லாம் எப்படி அந்த ஷிப்டைச் சுற்றியே நகர்கிறது என்று ஒரு பத்தி. நோட்டை வீட்டில் யாருக்கும் காட்டவில்லை என்றாள். கேட்டு வாங்கிப் படியுங்கள்.

படம் பிடித்திருக்கிறது என்று சொல்கிற பிள்ளைகளை வாரத்துக்கு நாலு பேர் பார்க்கிறேன். ஒரு கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இதை ஏன் இப்படி வைத்தார்கள் என்று ஆறு பக்கம் எழுதுகிறவள் எப்போதாவதுதான் வருகிறாள். இந்தத் துறைக்கு வேண்டிய மூலதனம் அதுதான்.

துறை புதிதும் இல்லை. அமெரிக்காவில் 1959இலேயே இதற்கென்று 'எக்ஸ்ட்ராபொலேஷன்' என்ற ஆய்விதழ் தொடங்கிவிட்டார்கள். 1973இல் 'சயின்ஸ் ஃபிக்ஷன் ஸ்டடீஸ்' வந்தது. கனடாவில் பேராசிரியராக இருந்த டார்கோ சுவின், 1970களில் இந்த ஆய்வுக்கு ஒரு அடித்தளம் போட்டுக் கொடுத்தார். நல்ல அறிவியல் புனைகதை நம் உலகத்தில் இல்லாத ஒரே ஒரு புதுப் பொருளையோ ஏற்பாட்டையோ கொண்டுவந்து வைக்கும். அது அறிவுக்குப் பொருந்தியும் இருக்கும். அதன் வழியாகப் பார்க்கும்போது நமக்குப் பழகிப்போன உலகமே அந்நியமாகத் தெரியும். சுவின் சொன்னதன் சாரம் இது. மில் ஷிப்டைப் பற்றி உங்கள் மகள் எழுதியது இதைத்தான். சுவின் பெயரை அவள் இன்னும் கேள்விப்பட்டதில்லை.

இது வெள்ளைக்காரர்களுக்கான படிப்பு என்றும் எழுதியிருந்தீர்கள். வங்காளத்தைச் சேர்ந்த ரொக்கையா 1905இல் ஆங்கிலத்தில் 'சுல்தானாவின் கனவு' என்று ஒரு கதை எழுதினார். அதில் ஆண்கள் வீட்டுக்குள் திரைமறைவில் இருக்கிறார்கள். பெண் விஞ்ஞானிகள் வெயிலின் வெப்பத்தைச் சேமிக்கிறார்கள், மேகத்திலிருந்து நேராகத் தண்ணீர் எடுக்கிறார்கள். அந்தக் கதை முதலில் அச்சானது நம் சென்னையில், கமலா சத்தியநாதன் நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' பத்திரிகையில். இன்று உலகம் முழுக்க பல்கலைக்கழக வகுப்புகளில் அதைப் படிக்கிறார்கள். 1963இல் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்து 'கலை அரசி' வந்தது. வேற்றுக் கிரகத்துக்காரன் பூமிக்கு வருவது பொன்னுக்கோ நிலத்துக்கோ அல்ல, பாட்டுக்காக! ககாரின் விண்வெளிக்குப் போய் இரண்டே வருடத்தில் தமிழ் சினிமா விண்வெளியை ஏன் சங்கீதத்தோடு சேர்த்துப் பார்த்தது? ஒரு பி.எச்டி.க்கே போதுமான கேள்வி இது. பெங்களூரில் பொறியாளராக இருந்துகொண்டே சுஜாதா வாரப் பத்திரிகைகளில் எழுதிய தொடர்கதைகளை, பக்கத்தில் அச்சான விளம்பரங்களோடு வைத்துப் படிக்கவும் ஆள் வேண்டும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய பத்திரிகைகள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் ஆய்வு எழுதவும், தமிழில் பழைய அச்சைச் சரளமாக வாசிக்கவும் தெரிந்தவர்கள் குறைவு. உங்கள் மகளால் இரண்டும் முடியும்.

சரி, சம்பளத்துக்கு வருகிறேன். 'அறிவியல் புனைகதை ஆய்வாளர்' என்று வேலை விளம்பரம் எங்கும் வராது. அதனால் இதை அவள் பட்டத்தின் பெயராக வைத்துக்கொள்ளக் கூடாது. பட்டம் பி.ஏ. ஆங்கிலம், எம்.ஏ. ஆங்கிலம் என்றே இருக்கட்டும். புனைகதை ஆய்வு எம்.ஏ. ஆய்வேட்டிலும் பி.எச்டி.யிலும் வரட்டும். இதில் நான் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு மாணவர், ஒரு தனியார் நிறுவனத்தில் பெயர் கவர்ச்சியாக இருந்த ஒரு முதுகலைப் படிப்பில் சேர்ந்தார். முடித்த பிறகு, அரசுக் கல்லூரி வேலைக்கு அது எம்.ஏ. ஆங்கிலத்துக்கு இணையானது என்று அரசாணை இல்லை என்றார்கள். இரண்டு வருடம் அலைந்துவிட்டு, அஞ்சல் வழியில் மறுபடி எம்.ஏ. படித்தார். சேர்வதற்கு முன்பே நான் அவரிடம் இதைக் கேட்டிருக்க வேண்டும். அதனால்தான் இப்போது எல்லோரிடமும் முதலில் கேட்கிறேன்.

எம்.ஏ.வுக்குப் பிறகு, கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் ஆய்வு உதவித்தொகைக்கும் தகுதி பார்க்கிற நெட் தேர்வு. மூன்று மணி நேரம், 150 கேள்விகள், 300 மதிப்பெண். அதில் ஆங்கிலத் தாள் பழங்காலக் கவிஞர் சாசரிலிருந்து இன்றைய இலக்கியக் கோட்பாடு வரை கேட்கும், ரோபோவைப் பற்றி அபூர்வமாகத்தான் கேட்கும். ஆகவே முதல் ஐந்து வருடமும் அவள் பிடிக்காத கவிதைகளையும் சேர்த்துப் படித்தாக வேண்டும். இதை அவளிடமே சொன்னேன், முகம் கொஞ்சம் வாடியது. நெட்டில் நல்ல மதிப்பெண் எடுத்து ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் ஆய்வின் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும், அப்புறம் 42,000 ரூபாயும் வரும். பொதுப்பிரிவுக்கு அதற்கு வயது வரம்பு 30. ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் மேற்படிப்புக்கான கேட் தேர்விலும் 2021 முதல் மனிதவியல் தாளில் ஆங்கிலப் பிரிவு இருக்கிறது, ஐ.ஐ.டி.களின் மனிதவியல் துறைகளில் ஆய்வுக்குப் போக அது ஒரு வழி. சினிமாப் பக்கம் ஆழமாகப் போக வேண்டுமென்றால் கொல்கத்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் திரைப்பட ஆய்வுத் துறையையும் ஹைதராபாத் இஃப்லுவையும் (ஆங்கிலம், அயல்மொழிகளுக்கான பல்கலைக்கழகம்) பார்க்கலாம்.

கணக்கு இப்படி: பி.ஏ. மூன்று, எம்.ஏ. இரண்டு, பி.எச்டி. நாலு, ஐந்து. பத்து வருடத்துக்குப் பக்கத்தில் வருகிறது. இன்ஜினியரிங் படித்த பக்கத்து வீட்டுப் பையன் அதற்குள் வீடு கட்ட ஆரம்பித்திருப்பான். அந்த வருடங்களில் உறவுக்காரர்கள் கேட்கும் கேள்விகளுக்கு நீங்களும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நிரந்தரப் பேராசிரியர் வேலை எல்லோருக்கும் கிடைப்பதில்லை, கௌரவ விரிவுரையாளராகப் பல வருடம் இருப்பவர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். அதனால் பி.ஏ. படிக்கும்போதே இன்னொரு கையையும் பழக்கிக்கொள்ளச் சொன்னேன்: மொழிபெயர்ப்பு, சப்டைட்டில், பதிப்பகத்தில் பிரதி திருத்துவது, வீடியோ கேம் நிறுவனங்களுக்குக் கதை எழுதுவது. இவற்றில் முதல் வேலையை யாரும் பட்டத்தைப் பார்த்துத் தருவதில்லை, எழுதிக் காட்டியதைப் பார்த்துத்தான் தருகிறார்கள். மாதம் ஒரு கட்டுரை எழுதி முடிக்க ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

வெளிநாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பிரிட்டனில் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் மிகைபுனைவு இலக்கியத்துக்கென்றே ஒரு முதுகலை வைத்திருக்கிறது. அமெரிக்காவில் கலிஃபோர்னியா ரிவர்சைட் பல்கலைக்கழக நூலகத்தின் ஈட்டன் தொகுப்பு இந்தத் துறைக்குப் பெரிய புதையல். ஆனால் ஒரு வருட முதுகலைக்காகக் கடன் வாங்கி, நகையை வைத்து அனுப்பாதீர்கள். இங்கே எம்.ஏ. முடிக்கட்டும். உதவித்தொகையோடு பி.எச்டி. கிடைத்தால் அப்போது போகட்டும்.

என் கருத்தைக் கேட்டால், சேர்த்துவிடுங்கள் என்பேன். பி.ஏ.வில் பகுதி ஒன்று மொழிப் பாடமாகத் தமிழையே எடுக்கச் சொல்லுங்கள். அரசுக் கலைக் கல்லூரிக்கும் ஒரு விண்ணப்பம் போட்டுவிடுங்கள். அடுத்த முறை வரும்போது அவள் அப்பாவையும் கூட்டி வாருங்கள். பகல் ஷிப்ட் வாரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், சாயங்காலம் 7 மணி வரை நான் இருப்பேன். நோட்டையும் எடுத்து வரட்டும்.