பழைய வரைபடத்தில் பெரிய கப்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: நாலில் ஒரு பங்கு அளவு பைப்பர் ஜே-3 கப் விமான மாடலின் பழைய வரைபடம் கிடைத்து, கடையில் பிரிண்ட் போட்டேன். ரிப்பும் (இறக்கையின் குறுக்குச் சட்டம்) ஸ்பாரும் (இறக்கையின் நீளவாக்குக் குச்சி) பொருந்தவில்லை. ஏன்?

பதில்: முதலில் பிரிண்டை அளந்து பாருங்கள். ஸ்கேன் செய்தபோதோ மெஷினில் ஓடியபோதோ ஒரு திசையில் மட்டும் நீண்டிருக்கும். நிஜ கப்பின் இறக்கை நுனிக்கு நுனி 35 அடி 3 அங்குலம்; நாலில் ஒரு பங்கு 2,686 மி.மீ. 1 சதவீதம் பிசகினாலே 27 மி.மீ. கூடிவிடும். நீளவாக்கு, அகலவாக்கு இரண்டையும் ஸ்டீல் ஸ்கேலால் தனித்தனியாகச் சரிபார்த்து மறுபடி பிரிண்ட் எடுங்கள். ஸ்பார் குழியை, வாங்கிய குச்சியை வைத்துப் பார்த்த பிறகே வெட்டுங்கள். வரைபடம் கால் அங்குலம் கேட்கும். கடையில் கிடைப்பது பெரும்பாலும் 6 மி.மீ.தான். ஒரு பக்க இறக்கை மட்டுமே வரைந்திருந்தால் மறுபக்கத்துக்குக் கண்ணாடிப் பிம்பமாகப் பிரிண்ட் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் ஒரே பக்க இறக்கையாகிவிடும்.

கேள்வி: இன்ஜினுக்குப் பதில் மின் மோட்டார் வைக்கிறேன். அப்படியே வாலையும் பலப்படுத்தலாமா?

பதில்: மோட்டார் தாராளமாக வையுங்கள். வாலில் கை வைக்காதீர்கள். கப்புக்கு மூக்கு குட்டை. இந்த அளவில் எடை மையத்திலிருந்து வால் மூக்கைப் போல மூன்று மடங்கு தூரம். வாலில் 10 கிராம் கூடினால் மூக்கில் 30 கிராம் ஈயம் சேர்க்க வேண்டும். கட்டைக்குப் பதில் ப்ளைவுட், தாராளமாகத் தடவிய எபாக்ஸி, தடித்த பெயின்ட் என்று பார்த்துக்கொண்டே இருக்கும்போது அரை கிலோ ஈயம் கேட்கும். வாலுக்கு எடை குறைந்த பால்சா மரத்தைப் பொறுக்கி எடுங்கள்; எலெவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல்) அசைக்கும் சர்வோவையும் (சின்ன மோட்டார்) பின்னால் கொண்டுபோகாதீர்கள். சர்வோவை முன்னால் வைத்து, கார்பன் குழாய் புஷ்ராட் (தள்ளுகம்பி) கொடுத்தால் போதும்.

7 கிலோ எடைக்கு 1,400 வாட் தாராளம்: 8 செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, சுமார் 50 ஆம்பியர். பேட்டரியை ஃபயர்வாலை (மோட்டார் பொருத்தும் முன் பலகை) ஒட்டி வையுங்கள், ஈயம் மிச்சம். மோட்டார் குட்டையாக இருப்பதால் ஸ்பேசர் கொடுத்து, ப்ரொப்பெல்லரை வரைபடத்தில் இருக்கும் இடத்துக்கே கொண்டுவர வேண்டும். மோட்டாரின் கீழ்ச்சாய்வு, வலச்சாய்வு கோணங்களை மாற்றாதீர்கள். கௌலிங்கில் (மூக்கு மூடி) காற்று வெளியேறும் வழி, நுழையும் வழியைப் போல இரு மடங்கு இருக்கட்டும். சிறிதாக இருந்தால் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பீட் கன்ட்ரோலர் சூடாகும்.

கேள்வி: நடுவில் ஒரே சர்வோ, பெல்கிராங்க் (அசைவின் திசையை மாற்றும் நெம்புகோல்) வைத்து ஏலரான் (விமானத்தைச் சாய்க்கும் இறக்கை மடல்) இயங்குகிறது. மாற்றலாமா?

பதில்: கட்டாயம் மாற்றுங்கள். பழைய வரைபடத்தில் முதலில் மாற்ற வேண்டியது இதுதான். நீண்ட கம்பியும் மூட்டுகளும் சேர்ந்து தளர்வு உண்டாகும். அந்தத் தளர்வில்தான் ஏலரான் படபடக்க ஆரம்பிக்கும். ஒவ்வொரு ஏலரானுக்கும் பக்கத்திலேயே 6 முதல் 8 கிலோ-செ.மீ. சர்வோ ஒன்று, குட்டைக் கம்பி ஒன்று. நீட்டிப்பு ஒயர் 22 கேஜுக்கு மெலியக் கூடாது.

பழைய பெல்கிராங்கின் கோண அமைப்பு ஏலரானை மேலே அதிகம், கீழே குறைவாக அசைத்திருக்கும். அதை எடுத்துவிட்டால் அந்த வேலையை டிரான்ஸ்மிட்டரில் நீங்களே அமைக்க வேண்டும்: மேலே 20 மி.மீ., கீழே 10. மறந்தால், இடப்பக்கம் சாய்க்கும்போது மூக்கு வலப்பக்கம் இழுக்கும். கப் இந்தக் குணத்துக்குப் பேர்போனது; திருப்பத்தில் ரட்டரும் (மூக்கை இடம் வலம் திருப்பும் வால் மடல்) சேர்த்துக் கொடுங்கள்.

இறக்கைத் தாங்கு கம்பிகள் சுமை தாங்குபவை என்று வரைபடம் சொன்னால், அலங்காரத்துக்கு வைக்கும் பிளாஸ்டிக் கம்பி ஆகாது. உலோகப் பிடிகள் போட்டு, திருகுகளுக்கு நைலான் லாக் நட் மாட்டுங்கள்.