மாசான் முதல் மியோங்டோங் வரை: தென் கொரிய மாணவர் எழுச்சிகள் குறித்த கேள்வி பதில்

தென் கொரியாவில் 1960 முதல் 1987 வரை சர்வாதிகார ஆட்சிகளை எதிர்த்து மாணவர்கள் நடத்திய போராட்டங்களைப் பற்றி வந்த கேள்விகளில், ஒரே பொருளைத் தொட்டவற்றை ஒன்றாகச் சேர்த்து விடை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: கொரிய மாணவர் போராட்டம் என்றாலே 1980இல் குவாங்ஜு நகரில் நடந்த எழுச்சிதான் பேசப்படுகிறது. தொடக்கம் அதுதானா?

பதில்: இல்லை, அதற்கு 20 ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது, தொடங்கியவர்களும் பல்கலைக்கழக மாணவர்கள் அல்லர், பள்ளிப் பிள்ளைகள். 1960 பிப்ரவரி 28 ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று எதிர்க்கட்சிக் கூட்டத்துக்கு மாணவர்கள் போய்விடக் கூடாது என்பதற்காக டேகு நகரப் பள்ளிகள் அவர்களை வகுப்புக்கு வரச் சொல்லின; அந்தக் கட்டளையை மீறி அவர்கள் தெருவில் இறங்கினார்கள். அதிபர் சிங்மன் ரீயை எதிர்த்து நின்ற வேட்பாளர் தேர்தலுக்கு முன்பே நோயில் இறந்துவிட்டதால், மார்ச் 15 தேர்தலில் அதிபர் பதவிக்குப் போட்டியே இல்லை. துணை அதிபர் பதவியைத் தம்முடைய ஆளுக்குப் பெற்றுத் தரவே ஆளுங்கட்சி அப்பட்டமாக வாக்கு மோசடி செய்தது. அன்றே மாசான் துறைமுக நகரில் மக்கள் எதிர்த்து ஊர்வலம் போனார்கள், காவல்துறை சுட்டது. அந்த இரவில் காணாமல் போன கிம் ஜூ யோல் என்ற மாணவரின் உடல், கண்ணில் கண்ணீர்ப்புகைக் குண்டு பாய்ந்த நிலையில், ஏப்ரல் 11 அன்று கடலில் மிதந்தது. உடலைக் கடலில் மறைத்த செயல்தான் நாடு முழுவதையும் கொதிக்க வைத்தது. ஏப்ரல் 19 அன்று அதிபர் மாளிகையை நோக்கிச் சென்ற மாணவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்த எழுச்சி முழுவதிலும் 180க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். ஏப்ரல் 25 அன்று 250க்கும் அதிகமான பேராசிரியர்கள், மாணவர்கள் சிந்திய இரத்தத்துக்கு ஈடு செய்ய வேண்டும் என்று எழுதிய பதாகையுடன் ஊர்வலம் வந்தார்கள். மறுநாள் சிங்மன் ரீ பதவி விலகுவதாக அறிவித்தார்.

கேள்வி: அடுத்த ஆண்டே பார்க் சுங் ஹீ இராணுவப் புரட்சி செய்து ஆட்சியைப் பிடித்தார். அப்போது மாணவர்கள் ஏன் அடங்கிப் போனார்கள்?

பதில்: அடங்கிப் போனார்கள் என்று சொல்ல முடியாது. ஜப்பானுடனான உறவைச் சீராக்கும் பேச்சுவார்த்தையை எதிர்த்து 1964இல் அவர்கள் நடத்திய போராட்டத்தை ஒடுக்கவே தலைநகர் சோலில் இராணுவச் சட்டம் அறிவிக்க வேண்டியிருந்தது. ஆனால் 1972 அக்டோபருக்குப் பின் நிலைமை வேறு. யூஷின் எனப்பட்ட புதிய அரசியலமைப்பு அதிபரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமையை மக்களிடமிருந்து பறித்தது. நாடாளுமன்றத்தின் மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்களை அதிபரே முடிவு செய்யும் நிலை வந்தது. அந்த அரசியலமைப்பை விமர்சிப்பதையே குற்றமாக்கி அவசர ஆணைகள் அடுத்தடுத்து வெளிவந்தன. 1974 ஏப்ரலில் வந்த நான்காவது ஆணையின்படி, தகுந்த காரணம் இல்லாமல் வகுப்பையோ தேர்வையோ புறக்கணிக்கும் மாணவருக்கு மரண தண்டனை வரை விதிக்கலாம். ஓர் அரசு தன் மாணவர்களைக் கண்டு எவ்வளவு அஞ்சியது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆவணத்தை நான் படித்ததில்லை. போராடிய மாணவர்களைப் பின்னிருந்து இயக்கியதாகக் குற்றம் சாட்டப்பட்ட 8 பேர், உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்த மறுநாளே, 1975 ஏப்ரல் 9 அன்று தூக்கிலிடப்பட்டார்கள். மறுவிசாரணையில் அவர்கள் குற்றமற்றவர்கள் என்ற தீர்ப்பு 2007இல்தான் வந்தது.

கேள்வி: 1980இல் சோல் அமைதியாக இருந்தபோது, குவாங்ஜு மட்டும் ஏன் நகர எழுச்சியாக மாறியது?

பதில்: பார்க் சுங் ஹீ 1979 அக்டோபர் 26 அன்று தம் உளவுத்துறைத் தலைவராலேயே கொல்லப்பட்டபின், டிசம்பர் 12 அன்று தளபதி சுன் டூ ஹ்வான் இராணுவத் தலைமையைக் கைப்பற்றினார். 1980 மே 15 அன்று சோல் இரயில் நிலையத்தின் முன் ஏறத்தாழ ஒரு லட்சம் மாணவர்கள் திரண்டார்கள். இராணுவத்துக்கு ஒரு சாக்குக் கொடுத்துவிடக் கூடாது என்று தலைவர்கள் முடிவெடுத்து அன்றிரவு கலைந்தார்கள். அந்த முடிவு சரியா என்ற விவாதம் கொரியாவில் இன்னும் ஓயவில்லை. அன்று அவர்கள் கையிலிருந்த செய்திகளை வைத்துப் பார்த்தால், அந்த மாணவர் தலைவர்களை என்னால் குறை சொல்ல முடியவில்லை. இரண்டே நாளில், மே 17 நள்ளிரவில், இராணுவச் சட்டம் நாடெங்கும் விரிவாக்கப்பட்டது.

மறுநாள் காலை குவாங்ஜுவின் சோன்னாம் தேசியப் பல்கலைக்கழக வாயிலில் பாராசூட் படையினர் மாணவர்களைத் தடியால் அடித்து விரட்டினார்கள்; மாணவர்கள் நகரின் மையத்துக்குப் போனார்கள், படையும் பின்தொடர்ந்தது. அங்கே இளைஞர் என்று கண்ணில் பட்ட எவரையும் அடித்தார்கள். முதலில் இறந்தவர் காது கேளாத, வாய் பேசாத ஓர் இளைஞர். எந்தப் போராட்டத்திலும் அவருக்குப் பங்கில்லை. இதைத் தங்கள் வீட்டு வாசலில் நின்று பார்த்த தாய்மார்களும் கடைக்காரர்களும் ஓட்டுநர்களும் அதற்குப் பிறகு வேடிக்கை பார்ப்பவர்களாக இருக்கவில்லை. மே 20 மாலை டாக்சிகளும் பேருந்துகளும் விளக்கை எரியவிட்டு வரிசையாக இராணுவத்தை எதிர்கொண்டன. இவ்வளவு நடந்தும் தொலைக்காட்சி ஒன்றும் நடக்காததுபோல் ஒளிபரப்பியதால், அன்றிரவு மக்கள் ஒளிபரப்பு நிலையத்துக்கே தீ வைத்தார்கள். மே 21 பிற்பகல் மாகாண அலுவலகத்தின் முன் கூட்டத்தை நோக்கிப் படை சுட்டது. மக்கள் சுற்றுவட்டார ஊர்களின் ஆயுதக் கிடங்குகளிலிருந்து துப்பாக்கிகளை எடுத்து வந்தார்கள். படை நகரை விட்டுப் பின்வாங்கியது. காவல்துறையே இல்லாத அந்த நாட்களில் கொள்ளை பெரிதாக எதுவும் நடக்கவில்லை. மருத்துவமனைகளில் இரத்தம் கொடுக்க வரிசை நின்றது. பெண்கள் சோற்று உருண்டை பிடித்து எல்லோருக்கும் கொடுத்தார்கள். மே 27 விடியற்காலையில் படை திரும்பி வந்து, மாகாண அலுவலகத்தில் கடைசி வரை இருந்தவர்களைச் சுட்டு நகரைப் பிடித்தது. அரசுக் கணக்கின்படியே 160க்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தார்கள். காணாமல் போனவர்கள் தனி.

கேள்வி: மாணவர்களை அடித்த காவலர்கள் யார்? அவர்களுக்கு மனம் உறுத்தவில்லையா?

பதில்: கேடயம் பிடித்து முன்வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் கட்டாய இராணுவச் சேவைக்காக வந்து காவல்துறைக்கு அனுப்பப்பட்ட இளைஞர்கள், அதாவது எதிரே நின்ற மாணவர்களின் வயதினர். ஒரே குடும்பத்தின் பிள்ளைகள் இருபுறமும் நிற்க நேர்ந்தது. வெள்ளைத் தலைக்கவசமும் ஜீன்ஸும் அணிந்து கூட்டத்துக்குள் பாய்ந்து ஆட்களைப் பிடித்த பிரிவு வேறு. 'வெள்ளை எலும்புப் படை' என்று மக்கள் அதை அழைத்தார்கள். பின்னர் அதிபரான சுன்னின் ஆட்சியின் முதல் ஆண்டுகளில் சாதாரண உடையில் காவலர்கள் பல்கலைக்கழக வளாகங்களுக்குள்ளேயே இருந்தார்கள். போராடிய மாணவர்களைப் பிடித்து இராணுவத்தில் சேர்த்து, நண்பர்களையே உளவு பார்க்கச் சொன்னதும் உண்டு.

கேள்வி: மாணவர் பார்க் ஜோங் சோலின் மரணம் எப்படி வெளியே தெரிந்தது? அவ்வளவு கெடுபிடியான ஆட்சியில் அதை மறைத்திருக்க முடியாதா?

பதில்: மறைக்கத்தான் பார்த்தார்கள். சோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் படித்த அவரை, தேடப்பட்டு வந்த ஒரு மூத்த மாணவரின் இருப்பிடத்தைக் கேட்டு காவல்துறையின் நாம்யோங்டோங் விசாரணைக் கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். 1987 ஜனவரி 14 அன்று, தண்ணீர்த் தொட்டியில் தலையை அமுக்கிச் செய்த சித்திரவதையில் அவர் இறந்தார். விசாரணை அதிகாரி மேசையைத் தட்டியதும் அவர் சத்தமிட்டு விழுந்து இறந்துவிட்டார் என்று காவல்துறைத் தலைமை விளக்கம் சொன்னது.

அந்தப் பொய் நிற்காமல் போனதற்குக் காரணமான மனிதர்களை ஒவ்வொருவராக நினைவில் வைக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். உயிர்ப்பிக்க அழைக்கப்பட்ட மருத்துவர் ஓ யோன் சாங், அறையின் தரையில் தண்ணீர் கிடந்ததைப் பத்திரிகையாளர்களிடம் சொன்னார். உடலை உடனே எரித்துவிட வேண்டும் என்று காவல்துறை கேட்டபோது, அரசு வழக்கறிஞர் சோய் ஹ்வான் கையெழுத்திட மறுத்துப் பிரேதப் பரிசோதனைக்கு ஆணையிட்டார். மாரடைப்பு என்று எழுதச் சொல்லி வந்த வற்புறுத்தலை மீறி, தடயவியல் மருத்துவர் ஹ்வாங் ஜுக் ஜுன் கழுத்து அழுத்தப்பட்டு மூச்சு முட்டியதே காரணம் என்று பதிந்தார். இரண்டு காவலர்களை மட்டும் சிறைக்கு அனுப்பி வழக்கை முடிக்கப் பார்த்தபோது, உண்மையில் குற்றவாளிகள் ஐவர் என்பதை அதே சிறையிலிருந்த முன்னாள் பத்திரிகையாளர் லீ பு யோங் அறிந்து கடிதமாக எழுதினார். சிறைக் காவலர்களே அதை வெளியே கொண்டுபோனார்கள். மே 18 அன்று சோலின் மியோங்டோங் பேராலயத்தில், குவாங்ஜுவின் ஏழாம் ஆண்டு நினைவுத் திருப்பலியின்போது, கத்தோலிக்கக் குருமார்கள் அதை வெளியிட்டார்கள். இவர்களில் பலர் அரசு ஊழியர்கள்; தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்ததைத் தவிர வேறு எதுவும் செய்யாதவர்கள். மாணவர்களின் துணிவுக்கு இணையாக இந்த நேர்மையையும் நான் மதிக்கிறேன்; இது இல்லாவிட்டால் அந்த மரணம் நான்கு வரிச் செய்தியாக முடிந்திருக்கும்.

கேள்வி: நாடெங்கும் போராட்டம் வெடித்த 1987 ஜூனில் அரசு இராணுவத்தை ஏன் இறக்கவில்லை?

பதில்: இறக்கும் யோசனை இருந்தது; ஜூன் 19 அன்று அது கைவிடப்பட்டது. ஜூன் 9 அன்று யோன்செ பல்கலைக்கழக வாயிலில் கண்ணீர்ப்புகைக் குண்டு தலையில் பட்டு, இரத்தம் வழிய நண்பரின் கையில் சாய்ந்த மாணவர் லீ ஹான் யோலின் புகைப்படம் எல்லோரையும் உலுக்கியது. ஜூன் 10 முதல் கழுத்துப்பட்டை அணிந்த அலுவலக ஊழியர்களும் தெருவுக்கு வந்தார்கள். பேராலயத்தில் தஞ்சம் புகுந்த மாணவர்களைப் பிடிக்க வருவோர் முதலில் தம்மையும், பிறகு குருமார்களையும், பிறகு கன்னியர்களையும் தாண்டித்தான் போக வேண்டும் என்று கர்தினால் கிம் சூ ஹ்வான் உறுதியாகச் சொன்னார். அடுத்த ஆண்டு சோலில் ஒலிம்பிக் நடக்கவிருந்தது; அமெரிக்க அதிபர் ரீகனின் கடிதமும் நிதானம் காக்கச் சொன்னது. என் பார்வையில் இவற்றைவிடக் கனமான காரணம், இன்னொரு குவாங்ஜுவை நாடு முழுவதும் நடத்த வேண்டியிருக்கும் என்ற அச்சம். ஜூன் 29 அன்று ஆளுங்கட்சி வேட்பாளர் ரோ தே வூ, போராடியவர்கள் கேட்ட நேரடி அதிபர் தேர்தலுக்கு இணங்கினார். ஜூலை 5 அன்று லீ ஹான் யோல் இறந்தார்.

கேள்வி: மாணவர்களும் பெட்ரோல் குண்டு வீசினார்களே, அது நியாயமா?

பதில்: வீசினார்கள், மறைப்பதற்கில்லை. 1989 மே மாதம் புசானின் டோங்கி பல்கலைக்கழக நூலகத்தில், பிடித்து வைக்கப்பட்டிருந்த சக காவலர்களை மீட்கப் போன 7 காவலர்கள் தீயில் இறந்தார்கள். அந்த 7 குடும்பங்களின் துயரத்தைப் போராட்டத்தின் பெயரால் சிறிதாக்கக் கூடாது. ஆனால் 1987இல் வெற்றி கிடைத்தது பெட்ரோல் குண்டால் அன்று. சாதாரண மனிதர்கள் அச்சமின்றிச் சேரக்கூடிய கூட்டமாக அது மாறியதால்தான்.

கேள்வி: அடக்குமுறைக்குப் பொறுப்பானவர்கள் தண்டிக்கப்பட்டார்களா?

பதில்: ஓரளவுக்குத்தான். 1987 டிசம்பர் தேர்தலில் எதிர்க்கட்சித் தலைவர்கள் கிம் யங் சாமும் கிம் டே ஜங்கும் தனித்தனியே நின்று வாக்கைப் பிரித்ததால், ஏறத்தாழ 36 விழுக்காட்டு வாக்கிலேயே சுன்னின் இராணுவத் தோழர் ரோ தே வூ அதிபரானார், விசாரணை தள்ளிப்போனது. 1996இல் சுன் டூ ஹ்வானுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. 1997 டிசம்பரில் அவரும் அவருடன் தண்டிக்கப்பட்ட ரோவும் பொதுமன்னிப்பில் வெளியே வந்தார்கள். சித்திரவதைக்குப் பேர்போன காவல் அதிகாரி லீ குன் ஆன் பத்தாண்டுக்கும் மேல் தலைமறைவாக இருந்துவிட்டு 1999இல் சரணடைந்து 7 ஆண்டுத் தண்டனை பெற்றார். சுன் 2021 நவம்பரில், குவாங்ஜு மக்களிடம் மன்னிப்புக் கேட்காமலே இறந்தார். மாகாண அலுவலகத்தின் முன் சுடச் சொன்னவர் யார் என்ற கேள்விக்கு விடை கேட்டு, இறந்தவர்களின் குடும்பங்கள் இன்றும் காத்திருக்கின்றன.