காலை வணக்கமும் காட்டு யானையும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் சிறு தேயிலை விவசாயிகள் வாட்ஸ்அப் குழுவில் 'நாளை இலை வண்டி வராது' என்ற தகவல் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு அடியில் புதைந்துபோகிறது. கொழுந்தைப் பறித்துவிட்டுத் தவிக்கிறோம். அரட்டைக்குத் தடை போடலாமா? (கோத்தகிரி வாசகர்)

தடை ஒரு வாரம் நிற்கும். அதற்குள் யாருக்காவது பேரன் பிறந்துவிடுவான். அரட்டையை இருந்த இடத்தில் விட்டுவிட்டுத் தகவலை வெளியே எடுங்கள். அட்மின்கள் மட்டும் எழுதக்கூடிய இன்னொரு குழு தொடங்கி, வண்டி, விலை, உரம் இவற்றை மட்டும் போடுங்கள். ஹட்டியில் (படுகர் கிராமத்தில்) சிக்னல் போகும் நாளை நினைத்து மூன்று அட்மின்களாவது வையுங்கள். பழைய குழுவில், வாழ்த்துச் செய்தியை அழுத்திப் பிடித்து எமோஜி இட்டால் தனிச் செய்தி சேராது.

கேள்வி: யானை நடமாட்டம் சொல்லும் எங்கள் குழுவையும் அப்படிப் பூட்டலாமா? (கூடலூர் வாசகி)

கூடவே கூடாது. யானையை முதலில் பார்ப்பவர் விடியற்காலையில் வேலைக்குப் போகும் தோட்டத் தொழிலாளியாக இருக்கலாம். அவர் அட்மினைத் தேடிப்பிடித்துச் சொல்லும்வரை யானை காத்திருக்காது. எல்லோரும் எழுதட்டும், எழுதும் முறையைக் கட்டுப்படுத்துங்கள். இடம், நேரம், போகும் திசை: 'பள்ளி வளைவு, காலை 6.10, ஆற்றுப்பக்கம் இறங்குகிறது.' இவ்வளவே. 'அய்யோ', 'உண்மையா?' எல்லாம் வேண்டாம். குரல் பதிவும் வேண்டாம். நடந்துகொண்டிருப்பவருக்கு ஒரு பார்வையில் புரியவேண்டும். இரட்டை அம்புக்குறியோடு வரும் வீடியோ பலமுறை கைமாறியது. எந்த ஊர் யானையோ! அட்மின் அதை எல்லோருக்குமாக நீக்கிவிடலாம். இன்னொன்று: குழுவில் போட்டதாலேயே வனத்துறைக்குத் தெரிந்துவிடாது. போன் செய்யும் பொறுப்பை ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படையுங்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். மலைத் தாவரங்கள் பற்றிய கூகுள் மின்னஞ்சல் குழுவிலிருந்து கடிதங்கள் கொட்டுகின்றன. (கொடைக்கானல் வாசகர்)

குழுவின் அமைப்புகளில் (செட்டிங்ஸ்) தொகுப்பு முறையை (டைஜெஸ்ட்) தேர்ந்தெடுங்கள், ஐயா. ஒரே மின்னஞ்சலில் 25 கடிதங்கள் வரை சேர்ந்து வரும். சுருக்கம் மட்டும் போதுமென்றால் அதற்கும் வழி உண்டு. தொகுப்புக்குப் பதில் எழுதும்போது தலைப்பை மாற்றி, கீழே தொங்கும் பழைய கடிதங்களை வெட்டிவிடுங்கள். குறிஞ்சியில் தொடங்கிய பேச்சு பஸ் நேரத்தில் வந்து நின்றால், ஜிமெயிலில் அந்த உரையாடலை மட்டும் மியூட் செய்யலாம்.

கேள்வி: உறவினர் குழுவிலிருந்து சத்தமில்லாமல் விலக முடியுமா? (குன்னூர் வாசகி)

வாட்ஸ்அப்பில் நீங்கள் விலகுவது அட்மின்களுக்கு மட்டுமே அறிவிக்கப்படும். ஆனால் விலகியவர்கள் பட்டியலை 60 நாட்கள் வரை மற்றவர்களும் பார்க்கலாம். அட்மின் உங்கள் நாத்தனார் என்றால், 'எப்போதும் மியூட்' போட்டு ஆர்க்கைவில் தள்ளிவிடுங்கள்.