திரைவாசிப்பான் 'பட்டன்' என்று மட்டும் சொன்னால் என்ன செய்வது?

கேள்வி: கம்பத்தில் ஏலக்காய் வியாபாரிக்கு விண்டோஸ் ஃபார்ம்ஸில் (விண்டோஸ் நிரல்களின் திரைகளை அமைக்கும் மைக்ரோசாஃப்ட் கருவி) பில் மென்பொருள் எழுதுகிறேன். அங்குள்ள பார்வையற்ற கணக்கர், திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் என்விடிஏ (NVDA) என்ற திரைவாசிப்பானை வைத்துப் படிக்கிறார். எல்லாமே 'பட்டன், பட்டன்' என்றுதான் கேட்கிறதாம். ஏன்?

பதில்: திரைவாசிப்பான் உங்கள் படத்தைப் பார்ப்பதில்லை. பொத்தான், பெட்டி போன்ற ஒவ்வொரு கட்டுப்பாட்டின் பெயர், வகை, நிலை ஆகியவற்றை விண்டோஸிடம் கேட்டு வாங்கிப் பேசுகிறது. பொத்தானில் ஐகான் மட்டும் இருந்தால் வகை கிடைக்கும், பெயர் கிடைக்காது. அந்தப் பொத்தானின் ஆக்சசிபிள்நேம் (AccessibleName) பண்பில் 'பில் சேமி' என்று எழுதுங்கள். 'பில் சேமி பட்டன்' வேண்டாம். வகையை அதுவே சொல்லிவிடும், இரண்டு முறை கேட்டால் எரிச்சல்தான் வரும்.

எடை, விலை பெட்டிகளுக்குத் தனியாகப் பெயர் வைக்காவிட்டாலும், டேப் வரிசையில் (டேப் விசையை அழுத்த அழுத்த நகரும் வரிசை) சரியாக முன்னால் இருக்கும் லேபிளையே விண்டோஸ் ஃபார்ம்ஸ் பெயராக எடுத்துக்கொள்ளும். வரிசை கலைந்தால் விலைப் பெட்டியில் 'எடை' என்று படிக்கும். பணம் புழங்கும் இடத்தில் பேசாமல் இருப்பதைவிட இது மோசம்.

அப்புறம், பிக்சர்பாக்ஸில் (படம் காட்டும் கட்டுப்பாடு) கிளிக் வைத்துப் பொத்தானாக்கியிருந்தால் தூக்கிவிடுங்கள். டேப் விசை அங்கே போகவே போகாது. அழகுக்காக நாமே வரைந்த கட்டுப்பாடுகளிலும் பெரும்பாலும் இதே கதைதான்.

குமுளி, கட்டப்பனை வாடிக்கையாளர் பெயர்களை மலையாள எழுத்தில் வைத்திருக்கிறீர்களா? தமிழ்க் குரல் அதில் தடுமாறும். பக்கத்தில் தமிழிலும் ஒரு பெயர் வையுங்கள்.

என்விடிஏ இலவசம்தான். நிறுவி, கருவிகள் மெனுவில் பேச்சுக் காட்டியைத் (Speech Viewer) திறந்தால் பேசுவதெல்லாம் எழுத்தாக வரும். எலியைத் தொடாமல் ஒரு முழு பில் போட்டுப் பாருங்கள். பிறகு கணக்கரையே போடச் சொல்லுங்கள்.