தன் காரணிகளின் எண்ணிக்கையால் வகுபடும் எண்கள்: வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழின் கணக்குப் பக்கத்தில், ‘1 முதல் 100 வரை, தன் காரணிகளின் எண்ணிக்கையால் மீதியின்றி வகுபடும் எண்கள் எத்தனை?’ என்று கேட்டிருந்தேன். விடை பதினாறு: 1, 2, 8, 9, 12, 18, 24, 36, 40, 56, 60, 72, 80, 84, 88, 96. விடையோடு நிறுத்தாமல் கேள்வியும் சேர்த்து எழுதியவர்கள் இம்முறை பலர் என்பதால், இந்தப் பக்கத்தை அவர்களுக்கே விட்டுவிடுகிறேன்.

‘காரணிகளின் எண்ணிக்கை’ என்ற இடத்திலேயே நான் நின்றுவிட்டேன். எங்கள் வீட்டில் கருப்பட்டி வியாபாரம். அந்த வழியில் விளக்க முடியுமா?
– வாசகி, உடன்குடி

கருப்பட்டியை விடப் பொருத்தமான உதாரணம் எனக்கும் கிடைக்காது. 24 கருப்பட்டிகளை வரிசை வரிசையாக, எந்த வரிசையிலும் ஒன்று கூடாமலும் குறையாமலும் அடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசைக்கு 1, 2, 3, 4, 6, 8, 12, 24 என்று எட்டு விதமாக அடுக்கலாம். இந்த எட்டும்தான் 24இன் காரணிகள். இப்போது அந்த எட்டாலேயே 24ஐ வகுத்தால் ஈவு 3, மீதி இல்லை. ஆகவே 24 பட்டியலில் சேர்கிறது. 30 கருப்பட்டிகளையும் எட்டு விதமாகத்தான் அடுக்க முடியும், ஆனால் 30ஐ எட்டால் வகுத்தால் ஆறு மிஞ்சுவதால் 30 சேராது.

பெரிய எண்களுக்கு அடுக்கிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. எண்ணைப் பகா எண்களின் பெருக்கமாகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டி, வந்தவற்றைப் பெருக்கினால் காரணிகளின் எண்ணிக்கை கிடைத்துவிடும். 72 என்பது 2³ × 3², அடுக்குகள் 3, 2, ஒன்று கூட்டினால் 4, 3, பெருக்கினால் 12. 72ஐ 12ஆல் வகுத்தால் 6. (‘அடுக்கு’ என்ற சொல் கருப்பட்டிக்கும் கணக்குக்கும் ஒருசேரப் பொருந்துவது நம் மொழி தந்த வசதி.)

எட்டுப் படி ஒரு மரக்கால், இருபத்தொரு மரக்கால் ஒரு கோட்டை என்று என் பாட்டனார் நெல் அளப்பார். எட்டு உங்கள் பட்டியலில் இருக்கிறதே, நம் முன்னோர் இந்தத் தன்மையை அறிந்துதான் அளவுகளை அமைத்தார்களா?
– வாசகர், சேரன்மகாதேவி

எட்டு இருக்கிறது, இருபத்தொன்று இல்லை. அதற்கு 1, 3, 7, 21 என நான்கு காரணிகள், நான்கால் 21 வகுபடாது. கோட்டைக்கு 168 படி என்று பார்த்தாலும் 168இன் காரணிகள் 16. வகுத்தால் மீதி எட்டுப் படி, அதாவது சரியாக ஒரு மரக்கால் நெல் களத்திலேயே கிடக்கும். எட்டைப் பாதி, பாதியில் பாதி என்று பிரித்துக்கொண்டே போகலாம் என்பது அளப்பவருக்குப் போதுமான வசதி; அதற்கு மேல் ஒரு மறைபொருளைத் தேடுவது முன்னோருக்கும் நல்லதல்ல, கணக்குக்கும் நல்லதல்ல என்பது என் எண்ணம்.

நூறுக்குள் 1, 9 என்ற இரண்டைத் தவிர மற்றவை எல்லாம் இரட்டைப்படை எண்களாக இருப்பது ஏன்? வகுப்பில் மாணவர்கள் கேட்டார்கள். தற்செயல் என்று சொல்ல மனம் வரவில்லை.
– ஆசிரியை, அம்பாசமுத்திரம்

சொல்லாமல் விட்டது நல்லதாயிற்று, ஏனெனில் இந்த எண்களைப் பற்றிய ஏறக்குறைய எல்லா முடிவுகளுக்கும் வாசல் இந்தக் கேள்விதான்.

காரணிகள் இணை இணையாக வருபவை. 24இல் 1க்கு இணை 24, 2க்கு 12, 3க்கு 8, 4க்கு 6. ஆகவே அவற்றின் எண்ணிக்கை பொதுவாக இரட்டைப்படையாகவே அமையும். ஒரு காரணி தனக்குத்தானே இணையாகும்போது மட்டும் எண்ணிக்கை ஒற்றைப்படையாகும். 36இல் 6க்கு இணை 6தான் என்பதால் அதற்கு ஒன்பது காரணிகள். அப்படி நிகழ்வது வர்க்க எண்களில் மட்டுமே. இனி ஓர் ஒற்றைப்படை எண்ணை எடுத்துக்கொள்வோம். அதை எந்த இரட்டைப்படை எண்ணாலும் மீதியின்றி வகுக்க முடியாது. எனவே அது நம் பட்டியலில் சேர வேண்டுமானால் அதன் காரணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும், அதாவது அது வர்க்க எண்ணாக இருந்தே தீர வேண்டும்.

வர்க்கமாக இருந்தால் மட்டும் போதாது என்பதையும் மாணவர்களிடம் சொல்லுங்கள். 25க்கு மூன்று காரணிகள், மூன்றால் 25 வகுபடாது. 81க்கு ஐந்து, அதுவும் வகுபடாது. 9ஐத் தாண்டினால் அடுத்த ஒற்றைப்படை எண் 225தான், பிறகு 441, 625, 1089, 1521, 2025. அண்மையில் கடந்த 2025ஆம் ஆண்டுக்குக் காரணிகள் 15, ஈவு 135. இதற்கு முன் இப்படி அமைந்த ஒற்றைப்படை ஆண்டு 1521. இனி வரப்போவது 2601. நாம் அரிய ஓர் ஆண்டைக் கடந்து வந்திருக்கிறோம், என் போன்றவர்களைத் தவிர யாரும் அதைக் கொண்டாடவில்லை.

இந்த எண்களைக் கண்டுபிடித்தவர் ராமானுஜன்தானே? ஒரு காணொளியில் அப்படிச் சொன்னார்கள்.
– வாசகர், பாளையங்கோட்டை

இல்லை. ராமானுஜன் 1915ஆம் ஆண்டில் வெளியிட்ட நீண்ட கட்டுரை ஒன்றில், தனக்கு முந்தைய எல்லா எண்களையும் விட அதிகக் காரணிகள் கொண்ட எண்களை ஆராய்ந்தார். 12, 24, 36, 60 ஆகியவை அந்தப் பட்டியலிலும் உண்டு, நம் பட்டியலிலும் உண்டு. ஆனால் அவருடைய 48க்குப் பத்துக் காரணிகளும் 120க்குப் பதினாறு காரணிகளும் இருப்பதால் அவை இங்கே சேரா. இரண்டும் வெவ்வேறு கேள்விகள்.

நம் எண்களை முதலில் வரையறுத்தவர்கள் அமெரிக்காவின் மிசோரி மாநிலத்தைச் சேர்ந்த கணிதப் பேராசிரியர்கள் கர்டிஸ் கூப்பரும் ராபர்ட் கென்னடியும், ஆண்டு 1990. காரணிகளின் எண்ணிக்கையைக் குறிக்கக் கணிதத்தில் வழங்கும் டௌ என்ற கிரேக்க எழுத்தை வைத்து இவற்றை ‘டௌ எண்கள்’ என்றார்கள். சில ஆண்டுகளுக்குப் பிறகு, எடின்பரோவில் ஆய்வு செய்துகொண்டிருந்த சைமன் கோல்டன், கணிதக் கருத்துகளைத் தானாகவே புனைந்து அவற்றின் தரத்தையும் எடைபோடும் கணினி நிரல் ஒன்றை எழுதினார். முன்னவர்களின் வேலையை அறியாமலே அந்த நிரல் இதே எண்களை மறுபடியும் உருவாக்கியது. கோல்டனின் கட்டுரை 1999இல் வந்தது. அந்த நிரலுக்கு அவர் வைத்த பெயர் ‘ஹெச்.ஆர்.’, ஹார்டி, ராமானுஜன் என்ற இருவரின் முதலெழுத்துகள். காணொளிக்காரருக்கு ராமானுஜன் பெயர் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது; ஆனால் அந்தப் பெயருக்கும் இந்த எண்களுக்கும் உள்ள நேர் உறவு இதுதான்.

பட்டியல் எங்காவது முடிந்துவிடுமா?
– வாசகர், கோவில்பட்டி

முடியாது. 2ஐத் தவிர்த்த எந்தப் பகா எண்ணையும் எட்டால் பெருக்கினால் வரும் எண்ணுக்கு எட்டே காரணிகள். 24, 40, 56, 88, 104 என்று அந்த ஒரு வழியிலேயே முடிவின்றிப் போகலாம். ஆயினும், மேலே போகப் போக மொத்த எண்களில் இவற்றின் விகிதம் பூஜ்ஜியத்தை நெருங்கிக்கொண்டே போகும் என்று கூப்பரும் கென்னடியும் நிறுவியிருக்கிறார்கள்.

6, 28, 496 ஆகிய நிறைவெண்கள் எதுவும் பட்டியலில் வரவில்லை. எல்லா நிறைவெண்களுக்கும் இப்படித்தானா?
– பிளஸ் டூ மாணவர், தென்காசி

எல்லாவற்றுக்கும் இப்படித்தான், நிரூபணமும் உங்கள் வயதுக்கு எட்டக்கூடியதே. தன்னைத் தவிர்த்த காரணிகளைக் கூட்டினால் தானே வரும் எண் நிறைவெண்: 1 + 2 + 3 = 6. இரட்டைப்படை நிறைவெண் ஒவ்வொன்றும் 2ᵖ⁻¹ × (2ᵖ − 1) என்ற வடிவில்தான் இருக்கும் என்று ஆய்லர் நிறுவினார். இதில் p ஒரு பகா எண், 2ᵖ − 1 என்பதும் ஒரு பகா எண். எனவே காரணிகள் 2p. p = 2 என்றால் எண் 6; காரணிகள் நான்கு; வகுபடாது. p ஒற்றைப்படை என்றால், அது 2இன் அடுக்கை வகுக்காது, ஆகையால் 2ᵖ − 1ஐ வகுத்தாக வேண்டும். ஆனால் 2ᵖ என்பதை pஆல் வகுத்தால் மீதி 2 என்பது ஃபெர்மாவின் தேற்றம். ஒன்றைக் கழித்தால் மீதி 1. ஆகவே வகுபடாது.

ஒற்றைப்படை நிறைவெண் எதையும் இன்றுவரை யாரும் கண்டதில்லை. ஒருவேளை இருந்தாலும், அம்பாசமுத்திரம் ஆசிரியைக்குச் சொன்ன பதிலின்படி, பட்டியலில் சேர அது வர்க்கமாக இருக்க வேண்டும். ஒற்றைப்படை வர்க்கத்தின் காரணிகள் எல்லாம் ஒற்றைப்படை, அவற்றின் எண்ணிக்கையும் ஒற்றைப்படை, ஆகவே கூட்டுத்தொகையும் ஒற்றைப்படை. நிறைவெண்ணிலோ தன்னையும் சேர்த்துக் கூட்டினால் தன் இருமடங்கு வர வேண்டும், அது இரட்டைப்படை. இரண்டும் ஒத்துவரா.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. டௌ எண்களை வரையறுத்த அதே கூப்பர்தான் 2016இல் 2இன் 7,42,07,281ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் வரும் எண் பகா எண் என்று கண்டறிந்தவர். இரண்டு கோடியே இருபத்து மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட எண் அது. அப்படிப்பட்ட பகா எண் ஒவ்வொன்றும் ஒரு நிறைவெண்ணைத் தரும். அதாவது, அவர் பெயரால் உலகுக்குக் கிடைத்த நிறைவெண்ணுக்கு அவருடைய சொந்தப் பட்டியலில் இடமில்லை.

8, 9 என்று அடுத்தடுத்து இரண்டு வருகின்றன. மூன்று எண்கள் அடுத்தடுத்து வருமா?
– வாசகர், கல்லிடைக்குறிச்சி

இரண்டு வருவதே அபூர்வம். 8, 9க்கு அடுத்த இணை 1520, 1521; காரணிகள் முறையே 20, 9. அதற்கும் அப்பால் 50,624, 50,625 என்ற இணை உண்டு. மூன்று வராது என்று கோல்டன் ஊகித்தார். ஜோஷுவா செலின்ஸ்கி 2002இல் நிரூபித்தார்.

மூன்றில் இரண்டு ஒற்றைப்படை என்றால் கதை உடனே முடிந்துவிடும்: இரண்டும் வர்க்கங்களாக இருக்க வேண்டும், இரண்டு வேறுபாட்டில் இரு வர்க்கங்கள் இல்லை. நடுவில் மட்டும் ஒற்றைப்படை என்றால்தான் வேலை. நடு எண் ஓர் ஒற்றைப்படை வர்க்கம். அதை எட்டால் வகுத்தால் மீதி 1. எனவே அடுத்த எண்ணுக்கு மீதி 2, அதாவது அது ஓர் ஒற்றைப்படை எண்ணின் இருமடங்கு. அந்த இருமடங்கு பட்டியலில் சேர வேண்டுமானால் அதன் பாதியும் சேர வேண்டும். பாதி ஒற்றைப்படை ஆகையால் அதுவும் வர்க்கம். ஆக, ஒன்றைக் கூட்டினால் இன்னொரு வர்க்கத்தின் இருமடங்காகும் வர்க்கங்களை மட்டும் சோதித்தால் போதும். 1ஐ விட்டால், 49 (50 = 2 × 25), 1681 (1682 = 2 × 841), 57,121 (57,122 = 2 × 28,561) என அவை வெகு தொலைவில் ஒவ்வொன்றாகத்தான் கிடைக்கும். 49, 1681, 57,121 மூன்றும் 7, 41, 239 என்ற பகா எண்களின் வர்க்கங்கள். மூன்றே காரணிகள் கொண்ட அவற்றை மூன்றால் வகுக்க முடியாது. எஞ்சியவை எல்லாவற்றையும் ஒரே வீச்சில் கழித்துக்கட்டியதுதான் செலின்ஸ்கியின் பங்கு. அதற்கு இந்தப் பக்கத்தில் இடம் போதாது.